ஆயிரமாவது கோலும் எண்ணப்படாத கோல்களும்

2024 செப்டெம்பர் 5ஆம் திகதி லிஸ்பனில் குரோஷியாவுக்கு எதிராக நடந்த ஆட்டத்தில் கிறிஸ்டியானோ ரொனால்டோ தனது 900ஆவது கோலை அடித்தார். 2025 ஒக்டோபரில் 950ஐ எட்டினார். நாற்பது வயதைக் கடந்த ஒருவர் ஆயிரத்தைத் தொடுவாரா என்பதுதான் இன்று உதைபந்தாட்டம் பார்க்கும் எல்லோரிடமும் உள்ள கேள்வி. மன்னாரிலும் குருநகரிலும் நடுச்சாமம் வரை விழித்திருந்து ஆட்டம் பார்க்கும் எங்கள் பொடியன்களும் இதைத்தான் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒன்று, அவரது உடம்பும் காலமும் இடம்கொடுக்குமா என்பது. இது வெறும் கணக்கு. மற்றது, ஆயிரம் அடித்தால் அது "எல்லாக் காலத்துக்குமான சாதனை" ஆகுமா என்பது. இரண்டாவது கேள்வி விளையாட்டோடு மட்டும் நிற்பதில்லை. யார் எண்ணுகிறார்கள், எதை எண்ணாமல் விடுகிறார்கள் என்ற இடத்துக்கு அது எங்களைக் கொண்டுபோகிறது. யுத்தத்துக்குள் வாழ்ந்த சனங்களுக்கு இது புதிய கேள்வி அல்ல.

முதலில் கணக்கு

900 கோல்கள் எங்கெங்கே அடிக்கப்பட்டன என்பதில் எந்த மயக்கமும் இல்லை. ஸ்போர்ட்டிங் கழகத்துக்கு 5, மன்செஸ்டர் யுனைடெட்டுக்கு 145, ரியல் மெட்ரிட்டுக்கு 450, யுவெண்டஸுக்கு 101, சவூதி அரேபியாவின் அல் நஸருக்கு 68, போர்த்துக்கல் தேசிய அணிக்கு 131. கூட்டினால் சரியாக 900.

2023ஆம் ஆண்டில் அவர் 54 கோல்கள் அடித்தார். 2024இல் அது 43 ஆகக் குறைந்தது. குறைந்தாலும், இது ஐரோப்பாவின் முன்னணி வீரர்கள் பலர் ஒரு நல்ல ஆண்டில் அடிக்கும் தொகைக்குக் கிட்ட நிற்கிறது. 2025 ஜூனில் அல் நஸர் கழகம் 2027 வரை அவருடன் ஒப்பந்தத்தை நீட்டித்தது. 950இலிருந்து மிச்சம் 50. ஆண்டுக்கு 35 என்ற அளவுக்கு இறங்கினால்கூட ஒன்றரை ஆண்டுக்குள் இலக்கு வந்துவிடும்.

தடைகளும் உண்டு. நாற்பது வயதில் ஒரு தசைக்கிழிவு ஆறு வாரத்தில் ஆறாது. தேசிய அணியில் இளையவர்கள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 2026 உலகக் கிண்ணத்தோடு தேசிய அணி வாழ்க்கை முடிந்தால் கோல் அடிக்கும் வாய்ப்புகளில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் அவரிடம் இரண்டு பலங்கள் உள்ளன. பெனல்டி உதைகளை அவரே அடிக்கிறார். இதுவரை அடித்தவற்றில் 150க்கு மேற்பட்டவை அப்படி வந்தவை. அடுத்து, ஓடுவதைக் குறைத்து, கோல் கம்பத்துக்கு முன்னால் சரியான நேரத்தில் சரியான இடத்தில் நிற்பதையே தன் ஆட்டமாக மாற்றிக்கொண்டார். முதுமை கால்களைத்தான் முதலில் தின்னும். எங்கே நிற்பது என்ற அறிவை அவ்வளவு கெதியாகத் தின்னாது.

ஆகவே பெரிய காயம் எதுவும் வராவிட்டால் அவர் ஆயிரத்தைத் தொடுவார் என்றே நான் நினைக்கிறேன்.

பின்னால் வருபவர்கள்

ரொனால்டோவை விட இரண்டு வயது இளையவரான மெஸி 850ஐத் தாண்டிவிட்டார். இன்டர் மியாமியுடன் அவரது ஒப்பந்தம் 2028 வரை செல்கிறது. ஆனால் அவர் கோல் அடிப்பவர் மட்டுமல்ல, அடிக்கக் கொடுப்பவரும்கூட. எண்ணிக்கைக்காக அவர் ஆடுவதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தலைமுறையில் இரண்டு பெயர்கள். பிரான்ஸின் கிலியன் எம்பாப்பே 2025 நவம்பரில், 27 வயதை எட்டுவதற்கு ஒரு மாதம் இருக்கையில், 400 கோல்களை எட்டினார். நோர்வேயின் ஏர்லிங் ஹாலண்ட் 25 வயதிலேயே 300ஐக் கடந்துவிட்டார். 2022-23 பருவத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 36 கோல்கள் அடித்து, ஒரு பருவத்துக்கான சாதனையை முறியடித்தவர் அவர்.

எம்பாப்பே ஆண்டுக்கு 50 வீதம் அடித்தால் இன்னும் 12 ஆண்டுகள் வேண்டும். அப்போது அவருக்கு 39 வயதாகியிருக்கும். கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் ரொனால்டோவின் கணக்கை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். முப்பது வயது நிறைவதற்கு முன் அவர் அடித்தவை 463. மிச்சம் எல்லாம் முப்பதுக்குப் பிறகு. அதாவது பாதிக்கும் மேலான கோல்கள், மற்ற முன்கள வீரர்கள் சரிவைக் காணும் வயதில் வந்தவை. ஆகவே இருபதுகளில் அடித்த கோல்களை வைத்து எம்பாப்பேயையோ ஹாலண்டையோ அளப்பது பயிர் கதிர் விடுமுன் விளைச்சலை மதிப்பிடுவது போன்றது. அதற்கிடையில் போட்டி அட்டவணையும் ஆண்டுக்காண்டு பெருத்துக்கொண்டே போகிறது. 2025இல் கழகங்களுக்கான உலகக் கிண்ணம் 32 அணிகளோடு நடந்தது. 2026 உலகக் கிண்ணம் 48 அணிகளுக்கானது. கூடுதல் ஆட்டம் கூடுதல் கோலைத் தரும். முழங்காலையும் கூடுதலாகத் தேய்க்கும்.

யாருடைய ஏடு?

இனி இரண்டாவது கேள்வி. ஒரு வீரர் வாழ்நாளில் அடித்த கோல்களுக்கென்று பீபா அதிகாரபூர்வமான ஏடு எதையும் வைத்திருக்கவில்லை. கழகங்கள், தேசியச் சங்கங்கள், புள்ளிவிபரம் சேர்க்கும் ஆர்வலர் அமைப்புகள், ஊடகங்கள் என ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பெலே 1969 நவம்பர் 19ஆம் திகதி மரக்கானா மைதானத்தில் பெனல்டி உதை மூலம் ஆயிரமாவது கோலை அடித்ததாக பிரேசில் கொண்டாடியது. அவரது மொத்தக் கணக்கு 1283 என்பார்கள். அதில் சிநேகபூர்வ ஆட்டங்களும், கட்டாய இராணுவ சேவையின்போது படை அணிக்காக அடித்தவையும் அடக்கம். அவற்றைக் கழித்தால் 757 என்பது பலரும் சொல்லும் தொகை.

2020 டிசம்பரில் மெஸி பார்சிலோனாவுக்கான 644ஆவது கோலை அடித்தபோது, ஒரே கழகத்துக்காக பெலே அடித்த 643ஐ அவர் முறியடித்துவிட்டார் என்று செய்தி வந்தது. சாண்டோஸ் கழகம் உடனே மறுத்தது. பெலே எங்களுக்காக அடித்தது 1091. சிநேகபூர்வ ஆட்டங்களில் அடித்த 448ஐ நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்றது. அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. அக்காலத்தில் சாண்டோஸ் உலகம் சுற்றி ஐரோப்பாவின் பெரிய கழகங்களோடு மோதியது. சிநேகபூர்வம் என்பது பெயருக்குத்தான். இன்னொரு பிரேசில் வீரரான ரொமாரியோ 2007 மே 20ஆம் திகதி தனது ஆயிரமாவது கோலைக் கொண்டாடினார். இளையோர் அணி ஆட்டங்களையும் அவர் சேர்த்து எண்ணியிருந்தார்.

ரொனால்டோ இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். தான் அடித்த கோல்கள் அனைத்துக்கும் காணொளி ஆதாரம் இருக்கிறது என்று 2024இல் ஒரு நேர்காணலில் சொன்னார். அது உண்மையும்கூட. 2002இல் ஸ்போர்ட்டிங் கழகத்துக்கு அடித்த முதல் கோல் தொடக்கம் எல்லாம் கமராவில் உள்ளன. ஆனால் காணொளி இருந்தால்தான் கோல் என்றால், கமரா போகாத இடங்களில் ஆடியவர்கள் எங்கே போவது?

பிக்கானும் யுத்தகாலக் கோல்களும்

2021 ஜனவரியில் ரொனால்டோ தனது 760ஆவது கோலை அடித்தபோது, யோசெப் பிக்கானின் 759ஐ முறியடித்து உலகின் முதலிடத்துக்கு வந்தார் என்று ஊடகங்கள் எழுதின. செக் உதைபந்தாட்டச் சங்கம் மறுத்தது. தங்கள் குழு எண்ணியதில் பிக்கான் அடித்தவை 821 என்றது. அதற்கு முன்பு புள்ளிவிபர ஆர்வலர்கள் சொல்லிவந்த தொகை 805. ஒரே மனிதர், மூன்று கணக்குகள்.

1913இல் வியன்னாவில் பிறந்தவர் பிக்கான். செக் குடும்பம். முதலாம் உலகப் போருக்குப் போய் உயிரோடு திரும்பிய தகப்பன், உதைபந்தாட்டத்தில் பட்ட காயத்தினால் மகனின் சிறுவயதிலேயே இறந்துபோனார். சப்பாத்து வாங்க வழியில்லாமல் வெறுங்காலோடு பந்து உதைத்த பிள்ளை, 1934 உலகக் கிண்ணத்தில் ஒஸ்ட்ரியாவுக்காக ஆடினார். 1937இல் பிராக் நகரின் ஸ்லாவியா கழகத்துக்குப் போனார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜேர்மனி ஒஸ்ட்ரியாவை விழுங்கியது. அவர் ஆடிய தேசிய அணியே உலக வரைபடத்தில் இல்லாமற் போனது. குடியுரிமைப் பத்திரங்களில் ஏற்பட்ட பிழையால் அந்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அவர் ஆட முடியவில்லை. 1939 மார்ச்சில் அந்த நாடும் ஆக்கிரமிக்கப்பட்டது.

ஆக்கிரமிப்பின் கீழும் அங்கே லீக் ஆட்டங்கள் நடந்தன. அந்த ஆண்டுகளில் பிக்கான் பருவம் பருவமாகக் கோல்களைக் குவித்தார். யுத்தம் முற்றிய 1944-45இல் லீக் நின்றுபோனது. 1948இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபின் கட்சியில் சேர மறுத்ததால் அவர் ஓரங்கட்டப்பட்டார். 2001இல் காலமானார்.

அவருடைய யுத்தகாலக் கோல்களை என்ன செய்வது? எதிரணிகள் பலவீனமானவை, ஆட்களெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டார்கள், ஆகவே கழிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். அந்த அளவுகோலை எடுத்தால் சவூதி லீக்கில் ரொனால்டோ அடித்தவற்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டிவரும். அதை யாரும் செய்வதில்லை, செய்யவும் கூடாது. கழகம் உண்மை, ஆட்டம் உண்மை, வலையில் விழுந்த பந்து உண்மை. பிக்கானின் கோல்களும் அப்படியே.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. வியன்னாவில் ஹகோவா என்றொரு யூதக் கழகம் இருந்தது. 1925இல் ஒஸ்ட்ரியாவின் சம்பியன். 1938இல் நாஜிகள் அதைத் தடை செய்தார்கள். அந்தப் பருவத்தில் அது ஆடிய ஆட்டங்களையும் செல்லாது என்றார்கள். பிக்கான் பிராக்கில் கோல் அடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்த நகரத்து யூதர்களுக்கு மைதானத்தில் இடமே இருக்கவில்லை. யுத்தகால ஏட்டில் அடித்தவரின் கோல் மட்டுமல்ல, மைதானத்துக்கு வர விடப்படாதவரின் வெற்றிடமும் சேர்ந்தே இருக்கிறது.

அடிக்கப்படாத கோல்கள்

வென்றவர்களின் நாட்டிலும் நிலைமை வேறல்ல. 1939-40 பருவத்தில் இங்கிலாந்து லீக்கில் மூன்று சுற்றுகள் முடிந்த நிலையில் யுத்தம் வெடித்தது. அந்த ஆட்டங்கள் ஏட்டிலிருந்தே நீக்கப்பட்டன. எவர்ட்டன் வீரர் டொமி லோட்டனுக்கு அப்போது 19 வயது. முந்திய பருவத்தில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர். லீக் மீண்டும் முறையாகத் தொடங்கியபோது அவருக்கு 26 வயது. இடையில் இங்கிலாந்துக்காக அவர் ஆடிய யுத்தகால ஆட்டங்கள் அதிகாரபூர்வக் கணக்கில் சேரவில்லை.

ஹங்கேரிக்காக 85 ஆட்டங்களில் 84 கோல்கள் அடித்த பெரென்ஸ் புஷ்காஷ், 1956இல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்தபோது வெளிநாட்டில் இருந்தார். திரும்பிப் போகவில்லை. தடைக்குள்ளானார். 1958இல் 31 வயதில் ரியல் மெட்ரிட் அவரைச் சேர்த்தபோது அவர் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 1960 ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் தனியொருவராக நான்கு கோல்கள் அடித்தார். இடையில் போன அந்த ஆண்டுகளின் கோல்களை எந்த ஏட்டில் எழுதுவது?

ரொனால்டோவின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2002இலிருந்து இன்றுவரை ஒரு பருவத்தைக்கூட அவர் யுத்தத்துக்குப் பறிகொடுக்கவில்லை. ஒழுங்கான உணவு, மருத்துவம், உறக்கம், நிலையான ஒரு நாடு, நிற்காமல் நடக்கும் ஒரு லீக். திறமைக்கு அடியில் இவையெல்லாம் அத்திவாரமாகக் கிடக்கின்றன. அத்திவாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எங்கள் பக்கம்

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு எங்கள் ஊர்க் கழகங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. நான் வளர்ந்த இடத்தில் கழகத்தின் வரவுப் புத்தகம், ஆட்ட முடிவுகள் எழுதிய கொப்பி, படங்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது அந்தப் பெட்டியை யாரும் தூக்கவில்லை. பிள்ளையைத் தூக்குவதா, பெட்டியைத் தூக்குவதா? திரும்பி வந்தபோது வீடே இல்லை. வன்னிக் கழகங்களுக்கு 2009இல் நடந்தது இதைவிட மோசம். பெட்டியோடு ஆட்களும் இல்லை. இன்று அந்த வீரர்களைப் பற்றிக் கேட்டால், "அவன் அடிச்ச அடி மாதிரி ஒருத்தரும் அடிக்கேல்லை" என்று வயதானவர்கள் சொல்வார்கள். எத்தனை கோல், எந்த ஆண்டு என்று கேட்டால் ஆளுக்கொரு தொகை. பிக்கானுக்கு மூன்று கணக்குகளாவது இருக்கின்றன.

ஒரு கோலையும் ஓர் உயிரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வைக்கவும் கூடாது. ஆனால் எண்ணும் விதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அது ஊகமல்ல. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிக் கணக்குச் சொன்ன 429,059 பேரிலிருந்து, வெளியே வந்ததாகப் பதிவான 282,380 பேரைக் கழித்து வந்த தொகை. பதிவான எண்களை வைத்தே அரசிடம் கேட்ட கேள்வி. அது இன்றுவரை பதிலின்றி நிற்பதற்கும், அழியாமல் நிற்பதற்கும் ஒரே காரணம்தான்: யாரோ ஒருவர் எழுதி வைத்திருந்தார்.

ஆகவே நான் கேட்பது சிறிய விடயம். ஒவ்வொரு ஊரிலும் அறுபது, எழுபது வயதுகளில் பழைய வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கழகத்தின் கதையை எழுதுங்கள். யார் ஆடினார்கள், எந்த மைதானம், எந்த ஆண்டு, யார் இறந்தார்கள், யார் காணாமல் போனார்கள், யார் புலம்பெயர்ந்தார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் பழைய படங்களை அல்பத்தில் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பிரதி எடுத்து ஊருக்கு அனுப்புங்கள். இரண்டு பேர் இரண்டு தொகை சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். பிழையான கணக்கைப் பிறகு திருத்தலாம். எழுதாத கணக்கைத் திருத்த முடியாது.

எழுதும்போது ஹகோவாவையும் மறக்க வேண்டாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் இந்த மண்ணில் பந்து உதைத்தவர்கள்தான். எங்கள் ஊர்களின் விளையாட்டு வரலாற்றை எழுதுபவர்கள் புத்தளத்துக்குப் போய் அவர்களிடமும் கேட்க வேண்டும். எங்களை எண்ணவில்லை என்று உலகத்திடம் முறையிடும் நாங்கள், எங்கள் ஏட்டில் அவர்களின் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்க முடியாது.

ரொனால்டோவுக்குத் திரும்பி வருவோம். அவர் ஆயிரத்தைத் தொடும் நாளில் நானும் மகிழ்வேன். காணொளியும் ஏடும் ஒழுங்காக இருக்கும் காலத்தின் மிகப் பெரிய கோல் வீரர் என்று அவரைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் "எல்லாக் காலத்திலும்" என்று யாராவது எழுதினால், எந்தக் காலத்தை எல்லாம் எண்ணினீர்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.